நடந்து பிறந்த இரு குழல்கள்

ஊர் விட்டு ஊர் போகும் ஊதுவாத்தியக்காரரிடம் முதலில் குறைவது உதட்டின் பலம். விரல்கள் பழகிய வழியை எளிதில் மறப்பதில்லை. வாயைச் சுற்றியுள்ள சிறு தசைகளோ சில நாள் ஓய்விலேயே தளர்ந்துபோகின்றன. நீட்டிப் பிடித்த சட்ஜமம் நடுங்கும். மேல் ஸ்தாயியில் சுருதி சற்றே கீழிறங்கும். ஒரே மூச்சில் முடிந்த பிடி நடுவில் உடையும். அதனால்தான் பயணத்தில் சாதகத்தைக் காப்பது எப்படி என்ற கேள்வி, வீணைக்காரரையும் வயலின்காரரையும் விட ஊதுகிறவரை அதிகம் அலைக்கழிக்கிறது. அந்தக் கேள்வியை இங்கே சாக்ஸபோனிடமும் நாகசுரத்திடமும் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று உலோகம், மற்றது மரம். ஒன்றுக்குப் பிறந்த ஆண்டு தெரியும், மற்றதன் தொடக்கம் கோயில் மரபின் ஆழத்தில் இருக்கிறது. விடைகளாவது வெவ்வேறாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள்.

இதை எடைபோட வடசென்னையை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. ராயபுரத்துப் பக்கம் தேவாலயத் திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் பேண்டு செட்டின் ஓசை கேட்கும். டிரம்பெட், கிளாரினெட்டின் கூட்டத்தில் சாக்ஸபோனும் வரும். அங்கிருந்து கடலோரமாகவே வடக்கே சென்றால் திருவொற்றியூர். தியாகராஜர் வீதியுலா வரும்போது நாகசுரமும் தவிலும் முன்னே நடக்கும். இரு சாராரும் ஊர் ஊராகப் போய்ப் பிழைப்பவர்கள். பேண்டு வாசிப்பவர் செங்கல்பட்டுக்கும் நெல்லூருக்கும் போவார். நாகசுரக்காரர் முகூர்த்த மாதங்களில் வீட்டில் தங்கும் இரவுகள் குறைவு. வாய்ப்பு கூடியவர்களுக்குச் சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ வரை கோயில் விழாக்கள் இருக்கின்றன.

பயணத்துக்கு முன் வீட்டைப் பார்ப்போம். வீட்டிலேயே ஊத முடியாதவர் விடுதி அறையில் எப்படி ஊதுவார்? எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டும் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் வந்த நாள் முதல் இந்தப் பகுதி ஷிப்டு நேரத்தில் வாழ்கிறது. ஒரு வீட்டின் காலை, அடுத்த வீட்டின் நடு இரவு. காசிமேட்டில் இரவெல்லாம் கடலில் இருந்தவர் பகலில் உறங்குகிறார். ஒற்றைச் சுவர் பொதுவான வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் சாக்ஸபோன்காரருக்கும் நாகசுரக்காரருக்கும் ஒரே நெருக்கடிதான்: எந்த நேரத்தில் எடுத்தாலும் யாரோ ஒருவரின் தூக்கம் கெடும். கடற்கரைப் பாறைகளும் கோயில் மண்டபமும் இவ்வகையில் இருவருக்கும் அடைக்கலம். நியூயார்க்கில் சன்னி ராலின்ஸ் 1959 முதல் 1961 வரை மேடையை விட்டு விலகி, வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் போய் நின்று மணிக்கணக்கில் சாக்ஸபோன் ஊதினார். அடுக்ககத்தில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்பதே காரணம். ஆற்றங்கரைத் தோப்பிலும் ஊர்ப்புற மண்டபத்திலும் அசுர சாதகம் செய்த நாகசுர மரபுக்கு இதில் வியப்பதற்கு எதுவுமில்லை.

ஓசையைக் குறைத்துக்கொண்டால் என்ன? டிரம்பெட்டின் வாயில் ஓர் அடைப்பானைச் செருகினால் ஒலி அடங்கிவிடும். சாக்ஸபோனின் புனலுக்குள் துண்டைத் திணித்துப் பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். அதன் பெரும்பாலான சுரங்கள் புனல் வழியாக வெளியேறுவதில்லை. குழலின் பக்கவாட்டில் திறந்திருக்கும் துளைகள் வழியாகவே வருகின்றன. அடிச்சுரங்கள் மட்டுமே புனலை நம்பியிருக்கின்றன. நாகசுரமும் அப்படியே. அதன் புனலான அணசின் வாயைக் கையால் மறைத்தாலும் திறந்த துளைகள் பேசிக்கொண்டே இருக்கும். ஆக, இரண்டுமே வாயை மூடி அடக்க முடியாத கருவிகள். ஊரறிய ஒலிக்கவே செய்யப்பட்ட இரண்டையும் ஒளித்து ஊதுவது நடக்காத காரியம்.

ஒற்றுமை இத்துடன் நிற்கவில்லை. இரண்டின் உள்துளையும் கூம்பு வடிவம்: வாயருகே குறுகி, அடியை நோக்கி விரிந்துகொண்டே போகும். கிளாரினெட் அப்படியல்ல, ஏறக்குறைய ஒரே அகலத்தில் செல்லும் உருளை. இதன் விளைவு ஸ்தாயி தாண்டும்போது தெரிகிறது. சாக்ஸபோனிலும் நாகசுரத்திலும் கீழ்ச் சட்ஜமத்தின் விரல்பிடியே மேல் சட்ஜமத்துக்கும் பொருந்தும். கிளாரினெட்டிலோ அதே விரல்பிடி மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குத் தாவிவிடும். கிளாரினெட் நம் சதிர்க் கச்சேரிகளில் முன்பே நுழைந்துவிட்டது, ஏ.கே.சி. நடராஜன் அதைக் கச்சேரி மேடையில் உயரத்துக்குக் கொண்டுபோனார். கறுத்த உடலும் நேரான வடிவமுமாக, பார்வைக்கு அதுவே நாகசுரத்தின் உறவு போலத் தோன்றும். உள்ளே காற்று நடக்கும் வழியைப் பார்த்தாலோ, வளைந்து மின்னும் சாக்ஸபோனே நெருங்கிய உறவு. கர்நாடக இசையைச் சாக்ஸபோனில் வாசித்த கத்ரி கோபால்நாத்தின் தந்தை தனியப்பா நாகசுரக் கலைஞர் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். மைசூர் அரண்மனைப் பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய அந்த மகன், தகப்பனின் கருவியை விட்டுத் தொலைவுக்குப் போய்விடவில்லை. இன்று கர்நாடகக் கடற்கரை மாவட்டங்களில் கல்யாணத்திலும் கோயிலிலும் நாகசுரத்தின் இடத்தில் சாக்ஸபோன் தவிலோடு ஒலிப்பது சகஜம்.

நாக்கிலும் உதட்டிலும் படும் பகுதிக்கு வருவோம். சாக்ஸபோனின் ரீடு ஒற்றை நாணல் தகடு. மவுத்பீஸின் மேல் இறுக்கிக் கட்டப்படுகிறது. நாகசுரத்தின் சீவாளி கொறுக்கைத் தட்டையிலிருந்து பக்குவப்படுத்தி எடுக்கும் இரட்டை நாக்கு. உலோகக் கெண்டையின் மேல் அமர்கிறது. பிரெஞ்சு நாட்டின் தென்கரை நாணலும் காவிரிக் கரையின் கொறுக்கையும் புல் இனத்தைச் சேர்ந்தவை. இரண்டும் ஈரத்தில்தான் பேசும், காய்ந்தால் ஊமை. பயணத்தின் முதல் பகை இங்கேதான் இருக்கிறது. எண்ணூர்க் கடற்காற்றின் ஈரத்தில் பழகிய நாக்கு, குளிர்சாதன ரயில் பெட்டியில் ஓரிரவு கிடந்தாலே வளைந்துகொள்ளும். டொராண்டோவின் குளிர்காலத்தில் சூடேற்றிய அறைக் காற்று அதைவிட வறண்டது. அங்கே நாகசுரக்காரருக்கு மரம் வெடிக்குமோ என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. சாக்ஸபோனுக்கு மரமில்லை என்று நிம்மதி கொள்ள வேண்டாம். அதன் துளைகளை மூடும் தோல் பட்டைகள் ஈரத்தில் உப்பும். சாவிகளைத் தூக்கும் ஊசி போன்ற எஃகுக் கம்பிகள் உப்புக் காற்றில் துருவேறும். ரீடை விட்டுப் பார்த்தால், கடலோரத்தில் வாழும் சாக்ஸபோன்காரருக்கு வெளியூர் வறட்சி சற்று ஓய்வு, நாகசுரக்காரருக்கோ அதுவே சோதனை.

இந்தச் சோதனைக்கு நாகசுரம் கண்ட ஏற்பாடு அழகானது. வாத்தியத்தின் கழுத்திலேயே மாற்றுச் சீவாளிகளும் அவற்றைத் திருத்தும் ஊசியும் கயிற்றில் கட்டித் தொங்கும். பட்டறை வாத்தியத்துடனேயே நடந்து வருகிறது. சாக்ஸபோன்காரர் ரீடுகளைத் தனிப் பெட்டியில் வைத்து, ஒன்றை வாசிப்புக்கும் ஒன்றைச் சாதகத்துக்கும் என ஒதுக்குகிறார். செயற்கை ரீடுகளும் கிடைக்கின்றன; நனைக்க வேண்டாம், வானிலைக்கு அசையாது. பயணத்துக்கு அவை பெரும் உதவி. என்றாலும் கமகத்துக்கு உதடு தேடும் மென்மை அவற்றில் கிடைப்பது அரிது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதையே நான் நம்புகிறேன்.

இதுவரை பார்த்தவை உடலின் ஒற்றுமைகள். பிறப்பின் ஒற்றுமைதான் என்னை அதிகம் ஈர்த்தது. அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிசில் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு, பிரெஞ்சு ராணுவப் பேண்டுகளைச் சீர்திருத்துவதற்காகப் பாரிஸ் மைதானத்தில் திறந்தவெளிப் போட்டி ஒன்று நடந்தது. அதில் அவர் அமைத்த பேண்டு வென்றது. திறந்தவெளியில் தந்தி வாத்தியங்கள் கரைந்துபோகும், மர ஊதுகுழல்கள் போதாது, பித்தளைக் குழல்கள் கரகரக்கும். இவற்றின் நடுவே பலமும் குழைவும் உள்ள குரல் ஒன்று தேவைப்பட்டது. சாக்ஸபோன் தேடி அடைந்த முதல் மேடை, படைவீரர்கள் நடக்கும் தெரு. நாகசுரத்தின் முதல் மேடையும் தெருதான். சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி தொடங்கும். வீதி வீதியாக நின்று, நடந்து, மீண்டும் நின்று, ராக ஆலாபனை விரியும். திருவொற்றியூர் மாசிப் பிரம்மோற்சவத்தில் வீதி வலம் வரும் வாத்தியக்காரருக்கு நடப்பதும் வாசிப்பதும் ஒரே வேலை.

நடையில் பிறந்த கருவிக்குப் பயணம் எப்படித் தடையாகும்? தொடக்கத்தில் அது தடையாக இல்லை என்றே தோன்றுகிறது. பிரம்மோற்சவத்துக்கு ஊர் ஊராகப் போன நாகசுரக்காரர் ஒவ்வோர் இரவும் பல மணி நேரம் வாசித்தார். ஒரு கோபுர வாசலில் தொடங்கிய தோடி நான்கு வீதி கடந்தும் முடியாது. அங்கே அவர் தெரிந்ததைத் திருப்பிச் சொல்லவில்லை. எட்டாத பிடிகளை எட்டிப் பார்த்தார், தவறியதை அடுத்த வீதியில் சரிசெய்தார். வீதியே அவருக்குச் சாதக அறை. படையோடு நடந்த பேண்டுக்காரருக்கும் நாள்தோறும் அணிவகுப்பு இருந்தது. ஆனால் அவர் எழுதிவைத்த இசையை எழுதியபடி வாசித்தார். உதடு உறுதியானது, கற்பனைக்கு அங்கே வேலையில்லை. ஒரே தெருவில் நடந்தும் இருவர் பெற்ற பயிற்சி வேறு என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு இரண்டும் உட்கார்ந்தன. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீளமான பாரி நாகசுரத்தைக் கையாண்டு சுருதியைத் தாழ்த்தினார். மேடையில் மற்ற வித்வான்களுக்குச் சமமாக உட்கார்ந்து வாசிக்கும் உரிமையை வற்புறுத்தினார். குட்டையான திமிரியின் உச்சக் குரல் வீதிக்கு உரியது. பாரியின் ஆழம் உட்கார்ந்து கேட்பவருக்கு உரியது. அதே நூற்றாண்டில் அமெரிக்காவில் சாக்ஸபோன் அணிவகுப்பிலிருந்து விலகி ஜாஸ் அரங்குகளின் நடுநாயகமானது. கத்ரி கோபால்நாத் 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டியோடு வாசித்ததும், 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பிபிசி ப்ராம்ஸ் விழாவில் கர்நாடக இசையை ஊதியதும் இந்த வரிசையில் வருகின்றன. அதே 1994இல் கே.பாலசந்தரின் ‘டூயட்’ படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் அவர் ஊதியதைத் தமிழ்நாடே கேட்டது.

உட்கார்ந்ததால் பெருமை வந்தது. கூடவே இன்றைய சிக்கலும் வந்தது. மேடைக் கலைஞருக்குப் பயணம் என்றால் இரண்டு கச்சேரிகளுக்கு இடையிலான வெற்று நேரம். ரயில், விமானம், விடுதி அறை, வரவேற்பு, உணவு. வாசிப்பு நாளுக்கு இரண்டு மணி நேரம். அதுவும் எல்லா நாளும் இல்லை. கல்யாணத்துக்குப் போகும் நாகசுரக்காரருக்கு அதிகாலையிலேயே மண்டபத்தில் ஊத இடம் கிடைக்கும், ஆனால் அங்கே கெட்டி மேளத்துக்காக எந்தப் பிடியும் பாதியில் நிற்க வேண்டும். கல்யாணப் பேண்டில் ஊதும் சாக்ஸபோன்காரர் ஒரே சினிமாப் பாட்டை ஊர்வலம் முடியும் வரை திருப்பித் திருப்பி வாசிக்கிறார். உதடு உழைக்கிறது, இசை வளர்வதில்லை. வேலையும் சாதகமும் ஒன்று என்று இவர்களிடம் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேலையில் கைவந்ததை வாசிக்கிறோம். கைவராததை வாசிக்கும் நேரமே சாதகம்.

அந்த நேரத்தைப் பயணத்தில் எங்கே தேடுவது? சாக்ஸபோனுக்குக் கைவசம் உள்ள முதல் வழி, ஊதாமல் விரல்களை மட்டும் ஓட்டுவது. சாவிகள் குறித்த இடத்தில் விழுகின்றன. மெல்லிய தட்டலைத் தவிர ஓசையில்லை. விடுதி அறையில் நள்ளிரவிலும் ஜண்டை வரிசையையும் ஸ்வரக் கோவைகளையும் இப்படி ஓட்டலாம். நாகசுரத்தில் இதன் பயன் குறைவு. விரல் துளையை எவ்வளவு திறக்கிறது, உதடு சீவாளியை எவ்வளவு அழுத்துகிறது, மூச்சு எவ்வளவு ஏறுகிறது என்ற மூன்றும் சேர்ந்தே ஒரு சுரம் பிறக்கிறது. ஓசையில்லாமல் ஓட்டினால் மூன்றில் ஒன்றுதான் பயிற்சி பெறும். ஐரோப்பிய இசை வாசிக்கும் சாக்ஸபோன்காரருக்கு இந்த வேறுபாடு பெரிது. கர்நாடக இசை வாசிக்கும் சாக்ஸபோன்காரருக்கு அது பெரிதும் மறைந்துவிடுகிறது. தோடியின் காந்தாரத்தைச் சாவி தராது. உதடும் தொண்டையும்தான் சுரத்தை வளைக்க வேண்டும். கருவி மேலைநாட்டது என்றாலும் அவருடைய சிக்கல் நாகசுரக்காரருடையதே.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் வியப்பைத் தந்தது. சாக்ஸபோன்காரர்கள் மவுத்பீஸை மட்டும் கழற்றி, ரீடோடு ஊதிப் பழகுகிறார்கள். குழல் இல்லாத அந்தச் சிறு துண்டில் ஒரு சுரத்தை அசையாமல் நிறுத்துவதே கடினம். தொண்டையைத் திறந்தும் குறுக்கியும் சுருதியை வழுக்கிக்கொண்டே இறக்கவும் ஏற்றவும் முடியும். நாகசுரக்காரர் சீவாளியை உடலிலிருந்து கழற்றி ஊதும்போதும் இதுவே நடக்கிறது. படிப்படியாகச் சுரம் கொடுக்கும் துளைகள் போய்விட்டால், மிஞ்சுவது இழைந்து ஓடும் ஒரே கோடு. சாவிகளும் துளைகளும் இரண்டு கருவிகளைப் பிரிக்கின்றன. அவற்றைக் கழற்றி வைத்தபின் கையில் இருப்பது கமகத்தின் மூலப்பொருள். வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பத்து நிமிடம் இப்படி ஊதினாலும் உதட்டின் பலம் அன்றைக்குக் குறையாது.

மின்னணு வழியில் இருவரும் சமமில்லை. யமஹாவும் ரோலண்டும் காதொலிப்பானில் கேட்கும் மின்னணுச் சாக்ஸபோன்களைச் செய்கின்றன. விடுதியில் எவர் தூக்கத்தையும் கெடுக்காமல் விரல்பயிற்சி நடக்கும். நாகசுரத்துக்கு அப்படி ஒன்று பரவலாக வரவில்லை. இதில் நாகசுரக்காரர் இழந்தது குறைவு என்றே கருதுகிறேன். இவ்வகைக் கருவியில் ரீடு அதிராது, உதட்டுக்கு எதிர்ப்பு இல்லை. எந்தத் தசைக்காகப் பயணச் சாதகத்தைத் தேடினோமோ அதற்கு அங்கே வேலையில்லை. கைப்பேசியில் ஒலிக்கும் சுருதிப்பெட்டிதான் இருவருக்கும் பொதுவான, உண்மையான உதவி.

எஞ்சியிருப்பது குரல். நாகசுர மரபில் வாய்ப்பாட்டு முதல் பாடம். பாடத் தெரியாதவர் ஊத முடியாது என்பது குருகுலத்தின் அடிப்படை. கல்யாணமோ கோயில் விழாவோ, செட்டாக வேனில் போகும்போது ஒருவர் பாட, தவில்காரர் தொடையில் சொற்கட்டைப் போட, ஒரு பல்லவி வழியிலேயே உருவாகிவிடும். சாக்ஸபோன்காரர் பெரும்பாலும் தனியாள். ஒவ்வொரு குழுவிலும் வேறு துணைவர். அவருக்கு இந்த வழி அயலானது என்று நினைத்தால் அதுவும் தவறு. ஜாஸ் ஆசிரியர் லென்னி டிரிஸ்டானோ, சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங்கின் தனி வாசிப்புகளை மாணவர்கள் முதலில் வாயால் பாடிக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தார். கத்ரி கோபால்நாத்தும் மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் கற்றபின் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் சேர்ந்தார். இவர் பாடகர், மிருதங்க வித்வான். சாக்ஸபோன் ஆசிரியர் அல்லர்.

இங்கே வடசென்னைக்கு ஒரு பழைய உரிமை இருக்கிறது. இன்று சுத்திகரிப்பு ஆலையின் பெயராகவே தெரியும் மணலியில், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் ராமசுவாமி தீட்சிதர் குடும்பம் வாழ்ந்தது. அந்த வீட்டுத் தொடர்பால் கோட்டைக்குச் சென்று ஆங்கிலேயரின் பேண்டைக் கேட்ட பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றார். முத்துசுவாமி தீட்சிதர் அந்தப் பேண்டின் மெட்டுகளில் சமஸ்கிருதச் சாகித்தியம் அமைத்தார். அவையே நோட்டுஸ்வரங்கள். ஒருவர் கருவியைக் கொண்டுவந்தார், மற்றவர் மெட்டை மனத்தில் கொண்டுவந்தார். சாக்ஸபோன் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, படைப் பேண்டின் ஓசையும் கோயில் இசையும் இந்தக் கரையில் பரிச்சயமாகிவிட்டன. திருவொற்றியூருக்கு வந்த தியாகராஜ சுவாமிகள் திரிபுரசுந்தரி மேல் இயற்றிய ஐந்து கிருதிகளும் பயணத்தில் பிறந்தவை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு தம்பூரும் குரலும்.

ஒப்பிட்டுப் பார்த்தபின் என் தீர்ப்பு இது. பயணத்துக்கு நன்கு ஆயத்தமானது நாகசுர மரபு. கருவி அதற்குக் காரணமில்லை, பாடிக் கற்கும் முறையே காரணம். சாக்ஸபோன்காரர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நாகசுரக்காரர் பதிலுக்கு எடுத்துக்கொள்ளத்தக்கதும் ஒன்று உண்டு. வாசிப்பு இல்லாத நாளிலும் ஒற்றைச் சுரத்தை மெல்லத் தொடங்கி, பெருக்கி, மெல்ல முடிக்கும் நீள்மூச்சுப் பயிற்சியைச் சாக்ஸபோன்காரர் நேரம் குறித்துச் செய்கிறார். முகூர்த்தம் இல்லாத ஆடி, மார்கழி மாதங்களில் நாகசுர உதட்டுக்கு அந்த ஒழுங்கு துணைசெய்யும்.

ஆனால் ஊர் திரும்பியதும் உரக்க ஊத ஓர் இடம் இருவருக்கும் வேண்டும். குரலும் மவுத்பீஸும் அதை ஈடுசெய்யா. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் மாநகராட்சியின் சமுதாய நலக்கூடங்கள் விசேஷம் இல்லாத நாட்களில் பூட்டியே கிடக்கின்றன. அந்தக் காலை வேளைகளில் இரண்டு மணி நேரம், கட்டணமில்லாமல், இந்தப் பகுதியின் பேண்டுக்காரர்களுக்கும் நாகசுரக்காரர்களுக்கும் அவற்றைத் திறந்துவிட மாநகராட்சி முன்வர வேண்டும்.